திருவாசிக்குள் ஒரு சிலுவை

சிலுவைக்கு மகரங்கள் காவல் நிற்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சென்னைப் பரங்கிமலை உச்சியில், மாதா ஆலயத்தின் பீடத்தில் பதித்திருக்கும் கருங்கல் பலகை அது. 1547-இல் போர்த்துக்கீசியர் கோவில் வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கல் இரத்தமாய் வியர்த்தது என்பது அங்குள்ள மரபு. அதனால் 'இரத்தம் சிந்திய சிலுவை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மலையேறுகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டுக் கும்பிடுகிறார்கள், மேலிருந்து விமான நிலையத்தைப் பார்க்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். கதை பெரிதாக இருப்பதால் கல்லின் வேலைப்பாடு கண்ணில் படாமலே போய்விடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வேலைப்பாட்டைப் பற்றியது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடலாம். சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடுகிற எழுத்து பஹ்லவி. சாசானிய மன்னர்கள் ஆண்ட பாரசீகத்தின் எழுத்து. என்ன எழுத்து என்றே நெடுங்காலம் பிடிபடாமல் இருந்ததை, 1873-இல் ஏ. சி. பர்னெல் பஹ்லவி என்று அடையாளம் காட்டினார். எழுத்தின் அமைப்பை வைத்து, 7-ஆம் நூற்றாண்டுக்கும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இது செதுக்கப்பட்டிருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. அதாவது பல்லவர் காலம். பரங்கிமலைக்குத் தெற்கே மாமல்லபுரத்துப் பாறைகளில் உளிச்சத்தம் கேட்ட காலத்தை ஒட்டியது. கருங்கல்லைப் பொளியவும் இழைக்கவும் தெரிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை.

நெய்க்காரப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு பரங்கிமலைக் கல்லைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர் பழனிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்துக் கலையம்புத்தூரில் 19-ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது கண்ணாடி மணிகளும், மணி செய்த உலையும் வெளிப்பட்டன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதுரைக்குப் போன பெருவழி இது. கேரளத்துப் பக்தர்கள் இன்றைக்கும் இதே தடத்தில்தான் பழனிக்கு வருகிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒன்றை நம்மூர்க் கை எப்படி வாங்கிக்கொண்டது என்பது இந்த மண்ணுக்குப் பழக்கமான கேள்வி. அதோடு, பழனி வட்டாரக் கோவில்களில் உற்சவ மூர்த்திகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சிலுவைக் கல்லில் சில விஷயங்கள் சட்டென்று பிடிபடும். எவை என்று பின்னால் சொல்கிறேன்.

கல்லை அடியிலிருந்து பார்ப்போம். சிலுவை தரையில் நிற்கவில்லை. படிப்படியாகக் குறுகி ஏறும் ஒரு பீடத்தின் மேல் நிற்கிறது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரிக் குன்றை அந்தப் படிகள் குறிக்கின்றன. இந்த வடிவம் பைசாந்தியத்தில் காசிலேயே ஏறியது. 578 முதல் 582 வரை ஆண்ட இரண்டாம் திபேரியஸ் தன் பொற்காசின் பின்புறத்தில் படிகள் மேல் நிற்கும் சிலுவையைப் பொறித்தான். அதன்பின் அது கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் கைமாறிய படம். கான்ஸ்டான்டிநோபிளில் 8-ஆம் நூற்றாண்டில் திருவுருவங்களுக்குத் தடை வந்த சமயத்தில், ஹாகியா ஐரீன் ஆலயத்தில் பீடத்துக்கு மேலுள்ள அரைக்குவிமாடத்தில் பொன் பின்னணிமேல் ஒரு வெறும் சிலுவையை வைத்தார்கள். அதுவும் படிகளின் மேல்தான் நிற்கிறது. பரங்கிமலைப் படிகளுக்கும் ஹாகியா ஐரீன் படிகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் அங்கே கோடு கோடாகக் கணக்காய் நிற்கும் பீடம், இங்கே கோவில் அதிட்டானத்தின் அடுக்குபோலக் கனமாக உட்கார்ந்திருக்கிறது. பாரம் தாங்கும் பீடத்தைச் செதுக்கிப் பழகியவன் படியைச் செதுக்கினாலும் அதில் ஒரு கனம் வந்துவிடும்.

பீடத்தை விட்டு மேலே போனால் இலைகள். சிலுவையின் அடியில் இரண்டு பக்கமும் இலைகள் கிளம்பி வளைகின்றன. உயிரைப் போக்கிய மரத்தை உயிர் தரும் மரமாகக் காட்டுவதுதான் இதன் பொருள். சிரியாவிலும் மெசபத்தோமியாவிலும் இருந்த கிறிஸ்தவர்களுக்கு இது பிடித்தமான உருவம். டைகிரிஸ் கரையில் டெசிபோன், அதற்குத் தெற்கே ஹீரா, வளைகுடாவில் கார்க் தீவு, அபுதாபி அருகே சர் பனி யாஸ் தீவு என்று வரிசையாக இந்த மரபின் தடம் இருக்கிறது. சர் பனி யாஸில் 1992-இல் வெளிப்பட்ட மடாலயத்தில் கிடைத்த சிலுவைகள் 7, 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கொடியும் இலையும் சூழ்ந்தவை. அவை கல்லில் செய்தவை அல்ல, சுதையில் செய்தவை.

இங்கேதான் நின்று பார்க்கவேண்டும். சுதை ஈரமாக இருக்கும்போது கத்தி சொன்னபடி கேட்கும். எங்கள் ஊரில் வெல்லப்பாகை அச்சில் ஊற்றி எடுப்பதுபோல, ஒரே இலையை அச்சில் அழுத்தி நூறு தடவை எடுத்துவிடலாம். சாசானியக் கட்டடங்களில் சுவர் முழுக்க ஒரே பூ திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அந்த இலை கப்பலேறி இங்கே வந்தபோது அதை வாங்கிக்கொண்டது கருங்கல். கருங்கல்லில் அச்சு கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் தனியாக உளி போகவேண்டும். மெல்லிய நுனி விட்டால் தெறித்துவிடும். ஆகவே இலை மெல்லிய சரிகையாக இல்லாமல் தடித்து, சதைப்பிடிப்போடு, கொழுந்து விடும் நிலையில் நிற்கிறது. நம் கோவில் தூண்களில் ஓடும் கொடிக்கருக்கில் இருக்கும் அதே தடிப்பு. கல் வளைந்துகொடுக்க மறுத்ததால் இலைக்கு வந்த அழகு இது. சுதையில் ஓர் அலங்காரமாக இருந்த இலை, கல்லுக்கு வந்ததும் முளைக்கும் செடியாகிவிட்டது.

சிலுவையின் நான்கு முனைகளும் வெட்டிவிட்டதுபோல் முடியவில்லை. ஒவ்வொன்றும் விரியத் தொடங்கிய மொட்டாக முடிகிறது. கீழே இலை, முனையில் மொட்டு என்று வைத்ததும் நடுவில் இருப்பது கட்டையாக இருக்கமுடியாது, தண்டாகத்தான் இருக்கமுடியும். இதற்கு விளக்கம் எழுதிவைக்கத் தேவையில்லை, பார்த்ததும் புரியும். கைகளின் நீளத்திலும் ஒரு நிதானம் இருக்கிறது. அடிப்பாகம் சற்றே நீளம், மற்ற மூன்றும் ஏறக்குறைய சமம். லத்தீன் சிலுவையின் நீண்ட காலும் இல்லை, கிரேக்கச் சிலுவையின் முழுச் சமமும் இல்லை. அதனால் சிலுவை கனமாகத் தொங்காமல், நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆளைப்போல் தெரிகிறது.

ஆனால் அதில் ஆள் இல்லை. நாம் திண்டுக்கல் பக்கத்துக் கோவில்களில் பார்த்துப் பழகிய பாடுபட்ட சுரூபம், முள்முடி, ஆணி, காயம் எதுவும் இந்தக் கல்லில் இல்லை. இதைக் குறைபாடு என்று நினைத்துவிடக்கூடாது. கிறிஸ்தவக் கலை தொடக்கத்தில் சிலுவையை வரையவே தயங்கியது. முதல் நூற்றாண்டுகளில் மீனும் நங்கூரமும் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனும்தான் அடையாளங்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவை வெளிப்படையாகக் காட்டும் பழைய வேலைகளில் ஒன்று ரோமில் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவு. அது 5-ஆம் நூற்றாண்டு. சிரியாவின் ராபுலா நற்செய்திப் படியில், 586-இல் வரைந்த படத்தில், சிலுவையிலிருக்கும் இயேசு கழுத்திலிருந்து கால்வரை நீண்ட அங்கி அணிந்திருக்கிறார், கண்கள் திறந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் இத்தாலியில், ராவென்னா அருகே 549-இல் அர்ச்சித்த கிளாஸே ஆலயத்தில், விண்மீன்கள் நிறைந்த நீல வட்டத்தின் நடுவே மணிகள் பதித்த சிலுவை மிதக்கிறது. அவமானத்தின் கருவியை மகிமையின் கொடியாக மாற்ற ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வழி தேடியது. ராவென்னா அதன்மேல் இரத்தினத்தை வைத்தது, பாரசீகத்துச் சபை இலையை வைத்தது. உயிர்த்தெழுந்தவருடைய சிலுவை காலியாகத்தானே இருக்கும் என்பது அந்தச் சபையின் நினைப்பு. பரங்கிமலைக் கல் இந்த மரபில் வந்தது.

சிலுவைக்கு நேர் மேலே புறா. சிறகு விரித்து, தலை கீழாக, அலகு சிலுவையின் உச்சியைத் தொடுமளவுக்கு இறங்கி வருகிறது. யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெற்றபோது இறங்கிய பரிசுத்த ஆவி என்பது வேதம் படித்தவர்களுக்குத் தெரியும். சிற்பத்தில் இதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கல்லில் மற்ற எல்லாம் கீழிருந்து மேலே போகின்றன: படி ஏறுகிறது, இலை கிளம்புகிறது, தண்டு நிமிர்கிறது, மொட்டு மேல்நோக்கி விரிகிறது. புறா ஒன்றுதான் மேலிருந்து கீழே வருகிறது. இரண்டு ஓட்டமும் சந்திக்கும் இடம் சிலுவையின் மேல் முனை மொட்டு. கண் தானாகவே அங்கேபோய் நிற்கிறது. இப்படி ஓர் இடத்தில் பார்வையை நிறுத்திவைக்கப் பெரிய சிற்பியால்தான் முடியும்.

இப்போது சுற்றைப் பார்க்கலாம். சிலுவைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். தூண் தலைகளில் மகரங்கள். அவற்றின் பிளந்த வாயிலிருந்து எழும் வளைவு சிலுவைக்கு மேல் குடைபோல் கவிகிறது. பழனிப் பக்கத்துக் கண்ணுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பார்த்த மாத்திரத்தில் 'திருவாசி' என்று சொல்லிவிடும். உற்சவ மூர்த்திக்குப் பின்னால் நிற்குமே, இரண்டு கால், காலின் மேல் மகரம், மகர வாயிலிருந்து கிளம்பும் வளைவு, அதே அமைப்பு. கட்டடத்தில் இதற்கு மகர தோரணம் என்று பெயர். விழுப்புரம் மாவட்டம் தளவானூரில், முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேசுவரத்தின் முகப்பில் இதன் பழைய உருவத்தைப் பார்க்கலாம். அது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஆக, சிலுவைக் கல் செதுக்கியபோது மகர தோரணம் தொண்டைமண்டலத்துக்குப் பழகிப்போன வடிவம்.

பாரசீகத்திலிருந்து வந்த சிலுவைக்கு மகரம் எதற்கு? ஒன்றைக் கும்பிடத்தக்கதென்று காட்ட வேண்டுமானால் அதைத் திருவாசிக்குள் வைக்கவேண்டும் என்பது நம் சிற்பிக்குத் தெரிந்த இலக்கணம். நடுவில் யார் என்பதைக் கேட்டவர் சொல்லட்டும். சுற்றி என்ன வரவேண்டும் என்பது தன் பொறுப்பு. இந்தப் பங்கீட்டில்தான் கல்லின் நயம் முழுவதும் இருக்கிறது. நடுவில் வெளியூர் வடிவத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறான். படி, இலை, மொட்டு, புறா எதிலும் கைவைக்கவில்லை. சுற்றில் தன் ஊரை முழுக்கக் கொண்டுவந்திருக்கிறான்.

அந்தச் சுற்றிலும் இரண்டு இடங்களில் மாற்றம் செய்திருக்கிறான். அவை இரண்டும் நுட்பமானவை. திருவாசியின் உச்சியில் நாம் எதிர்பார்ப்பது கீர்த்திமுகம்: பிதுங்கிய கண், கோரைப்பல், வெளியே பார்த்து மிரட்டும் முகம். அந்த முகத்தைத் தேடும் கண்ணுக்கு, வளைவின் உச்சிக்குக் கீழே கிடைப்பது புறா. வெளியே பார்த்துத் தீமையை விரட்டும் காவலுக்குப் பதிலாக, உள்ளே பார்த்து இறங்கும் அருள். இரண்டும் நிற்பது ஒரே அச்சில்தான், பார்க்கும் திசைதான் வேறு. அடுத்தது விளிம்பு. திருவாசியின் வெளி விளிம்பில் வரிசையாகத் தீச்சுடர்கள் எழும். இந்தக் கல்லில் வளைவை ஒட்டி ஓடுவது பஹ்லவி எழுத்து. கொக்கி கொக்கியாக, ஒன்றோடொன்று பின்னி, சுடர் வரிசைக்கு உரிய தாளத்தோடு அந்த எழுத்துக்கள் வளைவைச் சுற்றிப் போகின்றன. செதுக்கியவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க நியாயமில்லை. எழுத்தை வடிவமாகத்தான் பார்த்திருப்பார். விளிம்பில் எது ஓடவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்ததோ அந்த இடத்தில் அதை ஓட விட்டிருக்கிறார்.

எழுத்து என்ன சொல்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சி. பி. டி. வின்க்வொர்த் படித்தபடி, சஹர்புக்தின் மகன் அஃப்ராஸ் என்ற சிரியக் கிறிஸ்தவர் தனக்கு இரங்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறார். பின்னால் வந்தவர்கள் சொற்களை வேறு விதமாகப் பிரித்துப் படித்தார்கள். வேண்டுதல் என்பது பெரும்பாலான வாசிப்புகளில் தங்குகிறது. இப்படிப்பட்டவர்கள் இங்கே யார் என்பதற்குக் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு பதில் சொல்கிறது. 849-இல் வேணாட்டு அய்யனடிகள், மருவான் சபீர் ஈசோ கட்டிய பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் எழுதிக்கொடுத்த பட்டயம் அது. அதன் சாட்சிகள் அரபியிலும் எபிரேய எழுத்திலும் பஹ்லவியிலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கடலோடி வணிகர்கள். சரக்கு, கணக்கு, கடவுள் மூன்றையும் ஒரே கப்பலில் கொண்டுவந்தவர்கள். மிளகு விளையும் மலபார்க் கரையிலும் இலங்கையிலும் பாரசீகத்தைச் சார்ந்த கிறிஸ்தவச் சபைகள் இருந்ததை, 6-ஆம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கல்லின் உடன்பிறப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிற்பி எடுத்த முடிவு இன்னும் தெளிவாகும். அனுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த சிலுவையிலும் பீடமும் இலைகளும் இருக்கின்றன. ஆனால் தோரணம் கிடையாது. மகர தோரணத்தில் சிங்களச் சிற்பிகள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. இருந்தும் அந்தச் சிலுவை வழுவழுப்பான கல்லில் தனியாக, கல்லின் மட்டத்துக்குள் குடைந்து நிற்கிறது. ஆகவே சிலுவை இந்தப் பக்கம் வந்தாலே திருவாசி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லமுடியாது. பரங்கிமலையில் அது ஒருவர் யோசித்துச் செய்த வேலை.

சீனத்தில் சியான் நகரத்துக் கல்வெட்டு 781-இல் நட்டது. கிழக்குச் சபை எனப்படும் அதே பாரசீகத்துச் சபை, அதே மாதிரிச் சிலுவை. அங்கே சிலுவையைத் தாங்குவது மேகமும் தாமரையும்; கல்லின் தலையில் பின்னிக் கிடப்பவை டிராகன்கள். சீனத்தில் அரச மரியாதைக்குரிய கல்வெட்டுக்கு டிராகன் வேண்டும், தொண்டைமண்டலத்தில் வழிபாட்டுக்குரிய உருவுக்கு மகரம் வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு சிற்பிகள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள்.

கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியின் பக்கப் பீடங்களில் இப்படிப்பட்ட சிலுவைகள் இரண்டு உண்டு. கடமற்றத்தில் ஒன்று. 2001-இல் கோவாவின் அகசைம் ஊரில், ஜுவாரி ஆற்றங்கரையில் இன்னொன்று தட்டுப்பட்டது. இவற்றில் ஏறக்குறைய அதே பஹ்லவி வாசகம் திரும்ப வருகிறது. பரங்கிமலைக் கல்லே மூலம், மற்றவை அதைப் பார்த்துச் செய்தவை என்று பலர் கருதுகிறார்கள். கோட்டயத்தின் பெரிய சிலுவையில் பஹ்லவியோடு சிரியாக் எழுத்திலும் ஒரு வேத வாசகம் சேர்ந்திருக்கிறது. பஹ்லவி படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து, வழிபாட்டு மொழியான சிரியாக் மட்டும் தங்கிய காலத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். படிக்கத் தெரியாமல் போன பிறகும் பஹ்லவியை விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டிய செய்தி. அதற்குள் அது வளைவின் உறுப்பாகிவிட்டது. எழுத்தை எடுத்தால் உருவம் குறைப்பட்டுவிடும்.

இதே நூற்றாண்டுகளில் பைசாந்தியத்தில் சபைகள் கூடிக் கூடி வாதாடின. கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையாமல் மனித உருவில் வரையவேண்டும் என்று 692-இல் ஒரு தீர்மானம். பிறகு உருவங்களுக்கே தடை. 787-இல் அனுமதி, மீண்டும் தடை, 843-இல் கடைசியாக அனுமதி. உடைத்த படங்களும் நாடு கடத்தப்பட்ட துறவிகளும் ஏராளம். எதை நடுவில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதற்கு அங்கே அவ்வளவு ரத்தம். இங்கே அந்தக் கேள்வியை ஒரு கல்தச்சன் பட்டறையிலேயே தீர்த்துக்கொண்டான்: நடு அவர்களுடையது, சுற்று நம்முடையது.

திண்டுக்கல் வட்டாரத்தில் திருவிழாச் சப்பரம் கட்டும்போது புனிதர் சுரூபத்துக்குப் பின்னால் வளைவு வைத்து, இரண்டு பக்கமும் கால் நிறுத்தி, உச்சியில் அலங்காரம் வைக்கிறார்கள். அதைப் பார்த்து, கோவில் வழக்கம் பின்னாளில் எப்படியோ உள்ளே வந்து கலந்துவிட்டது என்பார்கள். பரங்கிமலைக் கல்லைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய கிறிஸ்தவச் சிற்பமே திருவாசியோடுதான் இருக்கிறது. அதைக் கிறிஸ்தவக் கலை நூல்களில் கிழக்குச் சபையின் ஓரத்துக் கிளை என்று ஒரு அடிக்குறிப்பில் சேர்ப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. தளவானூர்த் தோரணத்தைப் பேசுகிற பல்லவச் சிற்ப நூல்கள், அடுத்த பக்கத்திலேயே இந்தக் கல்லையும் பேசவேண்டும்.